ஆர்வெனா, எயோவினா? டோல்கீன் காதல் விவாதங்களில் புதிதாக இறங்குபவர்களுக்கு

டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலைப் படித்த இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால், போரும் மோதிரமும் கொஞ்ச நேரத்தில் ஓரமாகப் போய்விடும். அரகார்ன் எயோவினை ஏன் ஏற்கவில்லை, அவள் ஃபராமிரிடம் அவ்வளவு சீக்கிரம் எப்படி மனம் திரும்பினாள், கலாட்ரியல் மாதிரி ஒருத்திக்கு கெலபோர்ன் எந்த வகையில் ஈடு என்று பேச்சு காதலுக்கு வந்து நிற்கும். புதிதாக வந்தவர் ஆர்வத்தோடு ஏதாவது சொல்ல, உடனே ஒரு குரல் எழும்: “அது கேனானே இல்லையே!” பலர் அந்த இடத்திலேயே வாயை மூடிக்கொள்கிறார்கள். அப்படி மூடிக்கொள்ள வேண்டியதில்லை. இந்த விவாதங்களுக்கு ஒரு முறை இருக்கிறது, அதைப் பழகிக்கொள்ளலாம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மூன்று சொற்களைத் தெரிந்துகொண்டால் தொடங்கிவிடலாம். கதையுலகத்தில் நிஜமாக நடந்தது என்று வாசகர்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளும் பகுதி கேனான். இந்த இரண்டு பேர் சேரவேண்டும் என்று ரசிகர் ஆசைப்படும் ஜோடி ஷிப். புத்தகத்தில் இல்லாவிட்டாலும் ‘என் மனதில் கதை இப்படித்தான் நடந்தது’ என்று ஒருவர் வைத்துக்கொள்வது ஹெட்கேனான். இன்னொன்று: கீழே கதையின் முடிவுகள் எல்லாமே வருகின்றன. நாவலை இன்னும் முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வாருங்கள், முதல் வாசிப்பு ஒருமுறைதான் கிடைக்கும்.

எந்தப் புத்தகத்தில் நிற்கிறீர்கள்?

டோல்கீன் விஷயத்தில் எல்லாச் சண்டைக்கும் வேர் இதுதான். அவர் உயிரோடு இருக்கும்போது, தானே பார்த்துத் திருத்தி வெளியிட்ட பெரிய கதைகள் இரண்டு: 1937-இல் ‘தி ஹாபிட்’, 1954-இலும் 1955-இலும் மூன்று பாகங்களாக ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’. 1973-இல் அவர் இறந்தபோது அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுதிய கையெழுத்துப் பிரதிகள் குவிந்து கிடந்தன. அவற்றிலிருந்து மகன் கிறிஸ்டோஃபர் 1977-இல் ‘தி சில்மரில்லியன்’ நூலைத் தொகுத்தார். 1980-இல் ‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’ வந்தது. 1981-இல் கடிதங்களின் தொகுப்பு. பிறகு 1983 முதல் 1996 வரை, வரைவுகளை எல்லாம் வரிசையாக வைத்துக் காட்டும் பன்னிரண்டு தொகுதிகள், ‘தி ஹிஸ்டரி ஆஃப் மிடில்-எர்த்’.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. ஆசிரியர் அச்சுக்குக் கொடுத்தது முதல் வரிசை. மகன் தொகுத்த ‘சில்மரில்லியன்’ அடுத்தது. அதில் எந்த வடிவத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற முடிவு கிறிஸ்டோஃபருடையது. அதில் சில முடிவுகள் தவறு என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். எல்ஃப் அரசன் கில்-கலாடை ஃபிங்கோனின் மகனாகக் காட்டியது பிசகு என்று 1996-இல் வந்த கடைசித் தொகுதியில் எழுதினார். தொகுத்தவரே இப்படிச் சொல்லும்போது, ‘சில்மரில்லியனில் இருக்கிறது, அவ்வளவுதான், பேச்சு முடிந்தது’ என்று நாம் அடித்துப் பேசுவது சரியாக இருக்காது. அதற்கும் கீழே வரைவுகள், கடிதங்கள். இவை ஆசிரியர் ஒரு காலத்தில் என்ன நினைத்தார் என்பதற்குச் சாட்சி.

ஆகவே வாயைத் திறக்கும் முன்னால், ‘நான் நாவலை வைத்துப் பேசுகிறேன்’, ‘நான் கடிதத்தையும் சேர்த்துக்கொள்கிறேன்’ என்று ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள். பாதி வாய்ச்சண்டை அதோடு நின்றுவிடும்.

பின்னிணைப்பைத் தாண்டிப் போகாதீர்கள்

‘ஆர்வென் கதையில் வரவே இல்லை, கடைசியில் திடீரென்று கல்யாணம்’ என்பது புதியவர்களின் முதல் புகார். நாவலின் உடலை மட்டும் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. ரிவெண்டெல் விருந்தில் ஒரு காட்சி, நடுவில் அவள் கையால் செய்து அனுப்பிய ஒரு கொடி, முடிவில் திருமணம், பிறகு ஃப்ரோடோவிடம் சில வார்த்தைகள், ஒரு வெள்ளைக் கல். அவ்வளவுதான்.

ஆனால் மூன்றாம் பாகத்தின் கடைசியில் ‘பின்னிணைப்பு ஏ’ என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் அரகார்ன், ஆர்வென் கதை தனியாகச் சொல்லப்படுகிறது. இருபது வயதில் அவளைப் பார்க்கிறான். கதையுலகக் கணக்கில் 2980-ஆம் ஆண்டின் நடுக்கோடையில், லோத்லோரியெனின் கெரின் அம்ரோத் குன்றில் இருவரும் மண உறுதி செய்துகொள்கிறார்கள். அப்போது அவனுக்கு 49 வயது. கோண்டோர், ஆர்னோர் இரண்டுக்கும் அரசனானால்தான் மகளைத் தருவேன் என்று எல்ராண்ட் நிபந்தனை வைக்கிறார். இதைப் படித்துவிட்டு நாவலுக்குத் திரும்பிப் பாருங்கள். 3019 மார்ச் 2-ஆம் தேதி எடோரஸில் எயோவின் அரகார்னை முதன்முதலாகப் பார்க்கும்போது, அவன் 88 வயதைத் தொட்டு ஒரு நாள்தான் ஆகியிருக்கிறது, ஆர்வெனுக்கு வாக்குக் கொடுத்து முப்பத்தெட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. எயோவினுக்கு இது எதுவுமே தெரியாது. அவள் பக்கத்து வேதனை அங்கேதான் பிறக்கிறது. அவன் இரண்டு பெண்களுக்கு நடுவில் தடுமாறினான் என்ற வாதத்துக்கு நாவலில் இடம் இல்லை.

இந்தப் பகுதி ஏன் பின்னால் போனது என்பதற்கும் பதில் இருக்கிறது. 1956-இல் எழுதிய ஒரு கடிதத்தில் (எண் 181) டோல்கீன், பின்னிணைப்புகளிலேயே இதுதான் முக்கியம், கதையின் சாரத்தோடு சேர்ந்தது என்கிறார். ஹாபிட்களை மையமாக வைத்த கதைக் கட்டமைப்பு குலையும் என்பதால்தான் உள்ளே வைக்க முடியவில்லையாம். அவர் சொல்வதை நான் ஏற்கிறேன். ஆனாலும் ஒரு வாசகர் ‘அந்தக் காதல் எனக்குள் இறங்கவில்லை’ என்றால் அதுவும் செல்லும். நடந்ததா என்பது ஒரு கேள்வி, மனதைத் தொட்டதா என்பது வேறு கேள்வி.

ஒரு கேள்வியை மூன்றாகப் பிரியுங்கள்

இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்துவேன். எந்த ஜோடியைப் பற்றிப் பேசினாலும் மூன்று கேள்விகள் கலந்து வருகின்றன. புத்தகத்தில் என்ன நடக்கிறது? அது நம்பும்படி எழுதப்பட்டிருக்கிறதா? நான் என்ன நடந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்? முதல் கேள்விக்கு பக்கத்தைக் காட்ட வேண்டும். இரண்டாவதற்கு வாசிப்பு அனுபவத்தோடு காரணம் சொல்ல வேண்டும். மூன்றாவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஒன்றின் பதிலை இன்னொன்றுக்குக் கொடுக்கும்போதுதான் குழப்பம்.

எயோவின், ஃபராமிர் ஜோடியை எடுத்துப் பார்க்கலாம். சூனிய அரசனைக் கொன்றுவிட்டுக் குற்றுயிராகக் கிடந்தவள் மருத்துவ இல்லத்தில் ஃபராமிரைச் சந்திக்கிறாள். ஆறாம் புத்தகம், ஐந்தாம் அத்தியாயம் (மூன்று பாகங்களும் உள்ளே ஆறு ‘புத்தகங்களாக’ப் பிரிந்தவை). மோதிரம் அழியும் நாளில், அவள் முதலில் அவனிடம் போய் ஐந்தாவது நாள் என்று நாவலே கணக்குச் சொல்கிறது. பிறகு சில வாரங்களில் மனம் ஒப்புகிறாள். முதல் கேள்விக்கு பதில் தெளிவு: காதல், திருமணம் இரண்டும் கேனான்.

இரண்டாவது கேள்வியில்தான் சூடு. வேகம் அதிகம் என்று ஒரு தரப்பு. டோல்கீனுக்கே வாசகர்கள் இப்படி எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் 1963 வாக்கில் எழுதிய ஒரு கடித வரைவில் (எண் 244) அவர் இதற்கு விளக்கம் தருகிறார். பெரும் நெருக்கடியில், சாவு கண்ணெதிரே நிற்கும்போது, மனித உணர்வுகள் கடிகாரக் கணக்கை விட வேகமாகப் பழுக்கும், அது தன் அனுபவம் என்கிறார். முதல் உலகப் போரில், 1916-இல் சோம் போர்முனையில் நின்றவர் அவர் என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு பேரை, வேறு வேறு விதத்தில் நேசிக்க முடியும் என்றும் அதே கடிதத்தில் சொல்கிறார். அவருடைய பாத்திரங்கள் காதலில் எல்லாம் ஒற்றைத்தடம் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பதில்.

இன்னொரு தரப்பின் புகார் கனமானது. வாள் எடுத்தவளை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டார், இனி போர்க்கன்னியாக இருக்கமாட்டேன், குணப்படுத்துபவளாக இருப்பேன் என்று அவள் வாயாலேயே சொல்லவைத்துவிட்டார் என்பது அது. நான் இதை ஏற்பதில்லை, ஆனால் ஒதுக்கித் தள்ளவும் மாட்டேன். இந்த நாவலில் குணப்படுத்துவது தாழ்ந்த வேலை இல்லை. அரகார்ன்தான் அரசன் என்பதை கோண்டோர் மக்கள் தெரிந்துகொண்டதே அவன் கைகள் நோயைத் தீர்த்ததால்தான். ஃபராமிரும் போரை நேசிப்பவன் அல்ல, போர் எதைக் காக்கிறதோ அதை நேசிப்பவன். ஆக, எயோவின் போய்ச் சேரும் இடம் கதையின் மேல்படி. அவள் மனக்குறை நியாயமானது என்பதையும் நாவல் மறைப்பதில்லை. அண்ணனுக்கு இணையான துணிவோடு பிறந்தும், ஒரு கிழவரின் தள்ளாமையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் கிடக்கவேண்டியிருந்ததே என்று கண்டால்ஃப் எயோமரிடமே சொல்கிறார். ஐந்தாம் புத்தகம், எட்டாம் அத்தியாயம். எயோவின் பற்றிப் பேச வருபவர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் வரவே கூடாது.

கதை சொல்பவர் அவள் மாற்றத்தைச் சொல்லும் விதத்தையும் கவனியுங்கள். அவள் மனம் மாறியது என்கிறார், உடனே, அல்லது தன் மனம் என்னவென்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது என்கிறார். இரண்டில் எது என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார். இருபுறமும் வாதாட இடம் விட்டவர் ஆசிரியரே. இப்படிப்பட்ட வரிகளைத் தேடிப் பிடிப்பதுதான் நல்ல விவாதத்தின் சுகம்.

மூன்றாவது கேள்வி: அரகார்ன், எயோவின் சேர்ந்திருக்கலாம் என்று நீங்கள் ஆசைப்பட்டால்? தாராளமாக. உங்களுக்கு ஒரு சுவையான துணையும் உண்டு.

வரைவுகளை எப்படிப் பயன்படுத்துவது

டோல்கீன் எழுதத் தொடங்கியபோது அரகார்னே கிடையாது. அந்த இடத்தில் ட்ராட்டர் என்ற பெயரில் மரச் செருப்பு போட்ட ஒரு ஹாபிட் இருந்தான். அவன் மனிதனாக மாறி, கதை ரோஹனுக்கு வந்தபோது, எயோவின் அரகார்னை மணந்து கோண்டோரின் அரசியாவாள் என்றுதான் டோல்கீன் குறிப்பு எழுதினார். அப்போது ஆர்வென் இன்னும் பிறக்கவில்லை. பிறகு அவரே மனம் மாறி, இந்தக் காதலை வெட்டிவிடு, அரகார்ன் இவளுக்கு வயதிலும் பெருமிதத்திலும் ரொம்ப மூத்தவன் என்று தனக்குத்தானே எழுதிவைத்தார். எயோவின் தியோடனைக் காக்கவோ பழிவாங்கவோ போய்ச் சாகலாம் என்றும் யோசித்தார். இவை எல்லாம் பன்னிரண்டில் ஏழாவது தொகுதியில் இருக்கின்றன.

இதைக் காட்டி ‘பாருங்கள், அரகார்ன், எயோவின்தான் உண்மையான கேனான்’ என்பது தவறு. வெட்டியவர் ஆசிரியரே. ஆனால் ‘எடோரஸ் காட்சிகளில் இவர்களுக்கு நடுவில் அவ்வளவு இழுப்பு ஏன் தெரிகிறது’ என்று யாராவது கேட்டால், அந்தக் காட்சிகள் முதலில் ஒரு காதல் கதையின் தொடக்கமாக எழுதப்பட்டவை என்று சொல்லலாம். ஒரு காட்சியின் தடம் எங்கிருந்து வருகிறது என்பதை வரைவு விளக்கும். முடிவை மாற்றும் அதிகாரம் அதற்கு இல்லை.

கலாட்ரியல், கெலபோர்ன்: கடினமான பாடம்

மேலே சொன்ன வரிசை எல்லாம் சரி, ஆனால் ஆசிரியரே கடைசிவரை மாற்றிக்கொண்டிருந்தால்? இந்தத் தம்பதி அப்படித்தான். பின்னிணைப்பு பி-யில் கெலபோர்ன் டோரியாத் அரசன் திங்கோலின் உறவினன். ‘சில்மரில்லியனும்’ அதையே சொல்கிறது: கடல் தாண்டி வந்த கலாட்ரியல் டோரியாத்தில் அவனைக் கண்டு விரும்பினாள். ஆனால் டோல்கீன் தன் வாழ்வின் கடைசி மாதத்தில் எழுதிய ஒரு குறிப்பில் (‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’ நூலில் இருக்கிறது) எல்லாம் தலைகீழ். அங்கே கெலபோர்ன் கடலுக்கு அப்பால் உள்ள அமான் நாட்டு இளவரசன், அங்கிருந்த எல்ஃப் அரசன் ஓல்வேயின் பேரன். இருவரும் அங்கிருந்தே சேர்ந்து புறப்படுகிறார்கள். கலாட்ரியலின் தாயோ ஓல்வேயின் மகள். கணக்குப் போட்டால் கணவனும் மனைவியும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள்.

நம் ஊர் வாசகருக்கு மாமன் மகன், அத்தை மகள் கல்யாணம் பெரிதாகத் தோன்றாது. எல்ஃப்களிடம் அது பெரிய விஷயம். கோண்டொலின் நகரத்து எல்ஃப் மேக்லின் தன் மாமன் மகள் இட்ரிலை விரும்பியபோது, அவ்வளவு நெருங்கிய உறவில் எல்ஃப்கள் மணப்பதில்லை என்று ‘சில்மரில்லியன்’ வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த ஆசைதான் அந்த நகரம் விழுந்ததற்கே ஒரு காரணம். ஆக, கடைசியாக எழுதிய குறிப்பை ஏற்றால் இந்த விதி இடிக்கும், அச்சான நாவலும் இடிக்கும். கடைசியாக எழுதியதே ஆசிரியரின் முடிவு என்பவர்கள் இங்கே நின்று பதில் சொல்லியாக வேண்டும். அச்சில் வந்தது நிற்கும், பின்னால் எழுதிய குறிப்பு அதை அழிக்காது என்பது என் நிலை.

இதே ‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’ நூலில், மோதிரங்களைச் செய்த எல்ஃப் கொல்லன் கெலப்ரிம்போர் கலாட்ரியலை நேசித்ததாகவும், அவள் கெலபோர்ன் பக்கம் திரும்பியதாகவும் ஒரு வடிவம் உண்டு. அந்த ஜோடியை விரும்பும் ரசிகர்களுக்கு இது தங்கச் சுரங்கம். ‘ஒரு வடிவத்தில்’ என்ற இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துச் சொன்னால் யாரும் உங்களை மறுக்க முடியாது.

புத்தகம் மௌனமாக இருக்கும் இடங்கள்

சாம், ரோஸி பற்றி 1951-இல் எழுதிய நீண்ட கடிதத்தில் (எண் 131) டோல்கீன், அந்த எளிய நாட்டுப்புறக் காதல் சாமைப் புரிந்துகொள்ள அவசியம் என்கிறார். அதை எங்கும் விரித்து எழுதவில்லை என்பதையும் அங்கேயே ஒப்புக்கொள்கிறார். நாவலில் ரோஸியின் நினைவு சாமுக்கு வருவது ஆறாம் புத்தகத்தில், மோர்டோருக்குள் தண்ணீர் இல்லாமல் தவிக்கும்போதுதான். ஆனால் ஃப்ரோடோ மேல் சாம் வைத்த அன்பு நூற்றுக்கணக்கான பக்கங்களில் கண்ணெதிரே நடக்கிறது. அதனால் ஃப்ரோடோ, சாம் ஜோடியை விரும்புபவர்கள் வெறும் காற்றில் கட்டவில்லை. அன்பு கேனான், அதைக் காதல் என்பது அவர்கள் வாசிப்பு, சாமுக்கும் ரோஸிக்கும் பதின்மூன்று பிள்ளைகள் என்பதும் கேனான். முதல் உலகப் போரில் தான் பழகிய சாதாரண சிப்பாய்களின், அதிகாரிகளுக்குப் பணிவிடை செய்தவர்களின் சாயல்தான் சாம் என்று டோல்கீன் சொல்லியிருக்கிறார். அதையும் தட்டில் வைத்துவிட்டுப் பேசினால் பேச்சு ஆழமாகும்.

திரையில் பார்த்ததைத் தனியாக வையுங்கள்

2001-இல் வந்த படத்தில் காயம்பட்ட ஃப்ரோடோவைக் குதிரையில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடப்பவள் ஆர்வென். நாவலில் வழியில் எதிர்கொண்டு தன் குதிரையைக் கொடுப்பவன் க்ளோர்ஃபிண்டெல், ஆற்றை ஃப்ரோடோ தனியாகவே கடக்கிறான். ‘ஹாபிட்’ படங்களில் கிலியை நேசிக்கும் டாரியெல் புத்தகத்தில் கிடையவே கிடையாது. 2022-இல் தொடங்கிய ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடர் இன்னும் தூரம் போனது. கலாட்ரியலுக்கும் மாறுவேடத்தில் வந்த சௌரோனுக்கும் நடுவில் ஒரு ஈர்ப்பைக் காட்டியது. 2024-இல் வந்த இரண்டாம் பருவத்தில் எல்ராண்ட் அவளை முத்தமிட்டான், சங்கிலியைத் திறக்க ஓர் ஊசியை ரகசியமாகக் கைமாற்றும் தந்திரமாக. புத்தக வாசகர்கள் கொதித்ததற்குக் காரணம், எல்ராண்ட் பின்னால் கலாட்ரியலின் மகள் கெலப்ரியானை மணப்பவன் என்பது. தொடர் எடுத்தவர்களுக்கு உரிமை இருந்தது இரண்டு நாவல்களுக்கும் பின்னிணைப்புகளுக்கும்தான், ‘சில்மரில்லியனுக்கு’ இல்லை என்பதையும் தெரிந்துவைத்துக்கொண்டு குறை சொல்லுங்கள்.

தொடரின் ஜோடியை விரும்பி வருபவரைப் ‘புத்தகம் படிக்காதவர்’ என்று மட்டம் தட்டாதீர்கள். அவர் தொடரின் கேனானில் நின்று பேசுகிறார், நீங்கள் நாவலின் கேனானில். எது என்று கேட்டுவிட்டுப் பேசினால் போதும். அந்த வழியாக வந்து பின்னிணைப்பு வரை போனவர்கள் நிறையப் பேர்.

பேசும்போது கைக்கொள்ள வேண்டியவை

பக்க எண் சொல்லாதீர்கள், பதிப்புக்குப் பதிப்பு மாறும். புத்தகம், அத்தியாயம் சொல்லுங்கள். கடிதம் என்றால் எண். வரைவு என்றால் எத்தனையாவது தொகுதி. மேற்கோளை நினைவிலிருந்து சொல்லாமல் எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள், படத்தின் வசனம் புத்தக வசனம் மாதிரி மனதில் ஒட்டிக்கொண்டிருக்கும். எதிர்த் தரப்பின் வலுவான வாதத்தை முதலில் நீங்களே எடுத்துச் சொல்லிவிட்டு மறுத்தால் கேட்பவர்கள் மதிப்பார்கள். ஒருவரின் ஷிப்பை வைத்து அவர் குணத்தை எடைபோடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஃபேன்ஃபிக் (ரசிகர்கள் தாங்களே எழுதும் கதை) எழுதினால், நாவலோடு ஒத்துப் போகிறதா, மாற்றுக் கதையா என்று மேலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

படிக்கும் வரிசை என்று கேட்டால்: நாவல், பின்னிணைப்பு ஏ, பி. அப்புறம் ‘சில்மரில்லியனில்’ மனிதன் பெரென், எல்ஃப் இளவரசி லூத்தியென் காதலைச் சொல்லும் அத்தியாயம். அரகார்ன் கதைக்கு மூலமே அதுதான். ஆக்ஸ்ஃபோர்டின் வுல்வர்கோட் கல்லறையில் டோல்கீன், மனைவி ஈடித் பெயர்களுக்குக் கீழே பெரென், லூத்தியென் என்று பொறித்திருக்கிறது. இந்தக் கதை அவருக்கு எவ்வளவு சொந்தம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பிறகு ‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’ நூலின் கலாட்ரியல் பகுதி, அதன்பின் மேலே சொன்ன மூன்று கடிதங்கள். பன்னிரண்டு தொகுதிகளுக்கு அவசரமே இல்லை.

சரி, முதல் விவாதத்துக்கு ஒரு கேள்வி. எல்ஃப்களுக்கும் மனிதர்களுக்கும் நடந்த திருமணங்கள் மூன்று என்று பின்னிணைப்பு ஏ சொல்கிறது: லூத்தியென் பெரென், இட்ரில் டூர், ஆர்வென் அரகார்ன். ஆனால் ஐந்தாம் புத்தகம் ஒன்பதாம் அத்தியாயத்தில், டோல் அம்ரோத் இளவரசன் இம்ராஹிலைப் பார்த்ததுமே லெகோலாஸ் அவன் உடம்பில் எல்ஃப் ரத்தம் ஓடுவதைக் கண்டுகொள்கிறான். அவன் முன்னோன் இம்ராசோர், மித்ரெல்லாஸ் என்ற காட்டு எல்ஃப் பெண்ணை மணந்தான், அவள் பிள்ளைகளைப் பெற்றுவிட்டு ஓர் இரவில் சொல்லாமல் போய்விட்டாள் என்று ‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’ சொல்கிறது. அப்படியானால் திருமணங்கள் மூன்றா, நான்கா? அந்த மூன்றின் கணக்கில் காட்டு எல்ஃப்கள் அடங்குவார்களா? எடுத்துப் பார்த்துவிட்டு, எந்தப் புத்தகத்தில் நிற்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.